கிராபிக்ஸ் கார்டோடு வரும் இலவச கேம்: கடையில் கேட்பது முதல் கணினியில் இறக்குவது வரை

போன வருடம் தம்பிக்காக ஒரு கணினியைப் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தினோம். அவன் தேர்ந்தெடுத்த கிராபிக்ஸ் கார்டின் (கேமின் காட்சிகளைத் திரையில் ஓட்டும் பாகம்) விளம்பரத்தில் புதிதாக வந்த ஒரு கேம் இலவசம் என்று போட்டிருந்தது. அந்தக் கார்டையே எடுக்க வேண்டும் என்று அவன் அடம்பிடித்ததற்குப் பாதிக் காரணம் அந்த கேம்தான். வாங்கிய அன்று ராத்திரியே விளையாடலாம் என்று நினைத்திருந்தான். கேம் அவன் திரையில் ஓடியது பதினேழாவது நாள். அதற்குள் கடைக்கு இரண்டு நடை, ஏழெட்டு மின்னஞ்சல், ஒரு தவறான கணக்கு என்று எல்லாம் ஆகிவிட்டது. விவரம் தெரிந்திருந்தால் இதில் முக்கால்வாசி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். முதல்முறை வாங்குகிறவர்களுக்காக அதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு விஷயம் முதலிலேயே புரிந்துவிட்டால் மற்றவை எளிது. கடைக்காரர் தருவது கேமின் கோடு (கேமைத் திறக்கும் ரகசிய எண்) கிடையாது. அது ஒரு கூப்பன். அந்தக் கூப்பனை கார்டுக்குச் சிப் செய்த நிறுவனத்திடம், அதாவது என்விடியா, ஏ.எம்.டி. அல்லது இன்டெல்லிடம், பதிய வேண்டும். நீங்கள் சொன்ன பொருள் உங்கள் கணினியில் இருக்கிறதா என்று அவர்கள் சோதிப்பார்கள். அதற்குப் பிறகுதான் கேம் ஸ்டீம், எபிக் போன்ற கேம் கடையில் உள்ள உங்கள் கணக்குக்கு வரும். ஆக, கடை, சிப் நிறுவனம், கேம் கடை என்று மூன்று வாசல். எந்த வாசலில் நிற்கிறோம் என்று தெரியாமல்தான் நாங்கள் கூப்பன் வந்த முதல் நாள் முழுவதும் கூப்பனை ஸ்டீமில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். தவறான கோடு என்றே வந்தது. சில தடவைக்குப் பிறகு, அதிக முயற்சி ஆகிவிட்டது, கொஞ்ச நேரம் கழித்து வாருங்கள் என்று ஸ்டீம் நிறுத்திவிட்டது. உங்களுக்கு அப்படி ஆனால் பயப்பட வேண்டாம், ஒரு மணி நேரம் போல விட்டுவிட்டு மறுபடி முயலலாம்.

1. பணம் கொடுப்பதற்கு முன் நான்கு கேள்வி

சலுகை உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். சென்னை ரிச்சி தெருவில் நான் அப்படித்தான் கேட்டேன். "அதெல்லாம் ஆன்லைன்ல தானா வந்துரும் சார்" என்று பதில் வந்தது. தானாக எதுவும் வராது. இப்படிக் கேளுங்கள்:

இந்த மாடலுக்கு உண்டா? ஒரே வரிசையில் எல்லாக் கார்டுக்கும் சலுகை இருக்காது. இருந்தாலும் ஒரே மாதிரி இருக்காது. 2023-ல் ஏ.எம்.டி. ஸ்டார்ஃபீல்டு கேமைக் கொடுத்தபோது மேல் வரிசைக் கார்டுகளுக்குப் பிரீமியம் பதிப்பும், கீழ் வரிசைக்குச் சாதாரணப் பதிப்பும் கிடைத்தன. மாடல் பட்டியலை சிப் நிறுவனத்தின் சலுகைப் பக்கத்தில் நீங்களே போனில் பார்த்துவிடுங்கள். கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டர் பழையதாக இருக்கலாம்.

இந்தக் கடை சலுகையில் சேர்ந்திருக்கிறதா? எல்லாக் கடைகளும் சேர்ந்திருப்பதில்லை. சலுகைப் பக்கத்திலேயே நாடு வாரியாகக் கடைகளின் பெயர் இருக்கும். இந்தியாவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பெரிய ஆன்லைன் தளங்களில் வாங்குகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். தளத்தின் பெயர் ஒன்று, அதில் விற்கிற வியாபாரியின் பெயர் வேறு. பட்டியலில் இருக்க வேண்டியது உங்களுக்கு விற்கிறவரின் பெயர்.

இன்றைய தேதி சலுகைக் காலத்துக்குள் வருகிறதா? சலுகைக்கு இரண்டு கடைசித் தேதி உண்டு. ஒன்று வாங்க வேண்டிய தேதி, இன்னொன்று கூப்பனைப் பதிய வேண்டிய தேதி. நான் சொன்ன ஸ்டார்ஃபீல்டு சலுகையில் வாங்கும் காலம் ஜூலை 11 முதல் செப்டம்பர் 30 வரை. ஜூலை 10-ல் வாங்கியவருக்கு அதே கார்டாக இருந்தாலும் ஒன்றும் கிடையாது. "இருப்பு உள்ளவரை" என்றும் ஒரு வரி விதிமுறையில் இருக்கும். அது சும்மா போட்ட வரி இல்லை, கூப்பன் உண்மையிலேயே தீர்ந்துபோகும்.

கூப்பனை யார், எப்போது, எந்த வழியில் தருவார்கள்? பெயர், போன் நம்பர், எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கினால் ரொம்ப நல்லது.

இன்னொன்று. பழைய கார்டு, ஏற்கெனவே ஓட்டிய கார்டு, பெட்டி இல்லாமல் தனியாக விற்கும் ட்ரே ப்ராசஸர் (ப்ராசஸருக்கும் இப்படிச் சலுகை வருவதுண்டு) ஆகியவற்றுக்குக் கூப்பனை எதிர்பார்க்காதீர்கள். விலை குறைவு என்று ட்ரே ப்ராசஸரை எடுத்துவிட்டு கேம் எங்கே என்று கேட்டால் கடைக்காரரிடமும் பதில் இருக்காது.

2. பில் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்

கூப்பன் ஒட்டிக்கொண்டிருப்பது பில்லோடு. கார்டு உங்கள் கையில் இருந்தாலும் பில் சரியில்லை என்றால் எந்த வாசலும் திறக்காது.

எனக்கு முதலில் கிடைத்தது கார்பன் தாளில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய பில். "கிராபிக்ஸ் கார்டு 8 ஜிபி – 1" என்று ஒரே வரி. பிராண்டு இல்லை, மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. கூப்பன் கேட்கப் போனபோது, மாடலும் சீரியல் நம்பரும் உள்ள பில் வேண்டும் என்று கடையிலேயே சொன்னார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த பில்தான் அது! திரும்ப ஒரு நடை போய், கணினியில் அடித்த பில் வாங்கி வந்தேன். தேதி மாறாமல் பழைய தேதியிலேயே போடச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. தேதி தள்ளிப்போயிருந்தால் சலுகைக் காலமும் தாண்டியிருக்கும்.

ஆகவே கடையை விட்டு இறங்குவதற்கு முன் பில்லில் இவை இருக்கின்றனவா பாருங்கள்: கடையின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும், பில் எண், தேதி, பிராண்டோடு முழு மாடல் பெயர், சீரியல் நம்பர், உங்கள் பெயர். எல்லாவற்றையும் ஒரே வரியில் "கம்ப்யூட்டர் செட்" என்று போட்டுத் தருவார்கள். ஒவ்வொரு பாகத்தையும் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள்.

பில் இல்லாமல் வாங்கினால் விலை குறைத்துத் தருகிறேன் என்பார்கள். கணக்கைப் பாருங்கள். வரியோடு 30,000 ரூபாய் விலையுள்ள கார்டில் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஏறக்குறைய 4,576 ரூபாய். அது முழுவதையும் உங்களுக்கே குறைத்துத் தந்தாலும், புதிய பெரிய கேம் ஒன்று ஸ்டீமில் 4,000 ரூபாயைத் தொடுவது சாதாரணம். வாரண்டியும் சேர்ந்து போகிறது. இந்த பேரத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.

3. பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுங்கள்

பெட்டியின் பக்கவாட்டில் பார்கோடு ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அதில் சீரியல் நம்பர் இருக்கும். அதே நம்பர் கார்டின் மேலும் ஒட்டியிருக்கும். இரண்டையும் படம் எடுங்கள், பில்லில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். கார்டைக் கணினிக்குள் மாட்டிய பிறகு அந்த ஸ்டிக்கரைப் பார்க்க மறுபடியும் கழற்றத்தான் வேண்டும். நான் கழற்றினேன், மின்சார வயர்களை எல்லாம் பிடுங்கி, ராத்திரி பத்து மணிக்கு.

பில்லின் தெளிவான படம், பணம் கட்டிய ரசீதுச் செய்தி, சலுகைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் இவற்றையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். சலுகை முடிந்ததும் அந்தப் பக்கம் மாறிவிடலாம் என்பதால் ஸ்கிரீன்ஷாட் அவசியம். பெட்டிக்குள் சின்ன அட்டை, சீட்டு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். தெர்மாகோலோடு சேர்ந்து குப்பைக்குப் போவது அதுதான்.

4. கூப்பன் வரும்வரை

சில ஆன்லைன் கடைகள் பொருள் கைக்கு வந்ததும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுகின்றன. சில கடைகளில் பில், சீரியல் நம்பர் கொடுத்து ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நேர்க்கடைகளில் பெரும்பாலும் நீங்கள் விடாமல் கேட்டால்தான் நடக்கும், ஏனென்றால் அவர்கள் தங்கள் மொத்த வியாபாரியிடமிருந்து கூப்பனைக் கேட்டு வாங்க வேண்டும். எனக்குப் பதினொரு நாள் ஆனது. மூன்றாம் நாள் ஒரு முறை, ஏழாம் நாள் ஒரு முறை என்று பில் எண்ணோடு செய்தி அனுப்புங்கள். போனில் பேசினால் அதற்குச் சாட்சி இருக்காது.

மின்னஞ்சலில் ஸ்பேம் பெட்டியைத் தினமும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், அன்றைக்குப் போய் ஏமாற வேண்டாம்.

5. கணினியைத் தயார் செய்யுங்கள்

கூப்பன் கைக்கு வந்ததும் போனிலோ அலுவலக லேப்டாப்பிலோ உட்கார்ந்து பதிய ஆரம்பிக்காதீர்கள். சோதனை நடப்பது அந்தக் கார்டு மாட்டியிருக்கும் கணினியில். நான் அலுவலகத்தில் மதிய இடைவேளையில் முயன்றேன். தகுதியான பொருள் இல்லை என்று வந்தது, அந்த லேப்டாப்பில் எப்படி இருக்கும்?

கணினியில் விண்டோஸ் இருக்க வேண்டும். லினக்ஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் இந்த வேலைக்காவது டிஸ்கின் ஒரு பகுதியில் விண்டோஸைப் போட வேண்டியிருக்கும். மெய்நிகர் கணினிக்குள் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஓடும் விண்டோஸ் உதவாது. அப்புறம் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். புதிதாக விண்டோஸ் போட்ட கணினியில் திரை தெரிகிறதே, எல்லாம் சரி என்று விட்டுவிடுவோம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் உங்கள் கார்டின் பெயர் வருகிறதா பாருங்கள். "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால் டிரைவர் இன்னும் ஏறவில்லை. சிப் நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கிப் போட்டு, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.

வி.பி.என். (வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் வசதி) ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். கூப்பன் இந்தியாவில் வாங்கியது, இணைய முகவரி சிங்கப்பூரைக் காட்டினால் சிக்கல் வரும்.

6. எந்தக் கணக்கில் கேம் போகிறது என்று பாருங்கள்

நான் செய்த பெரிய தவறு இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சலுகையைப் பொறுத்து கேம் இரண்டு விதமாக வரும். ஒன்று, எழுத்தும் எண்ணும் கலந்த கேம் கோடாக வரும், அதை நீங்கள் கேம் கடையில் அடித்துக்கொள்ளலாம். இன்னொன்று, உங்கள் ஸ்டீம் அல்லது எபிக் கணக்கை இணைக்கச் சொல்வார்கள், கேம் நேராக அந்தக் கணக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கோடு என்று தனியாக எதுவும் கண்ணில் படாது.

எங்களுக்கு இரண்டாவது வகை. இணைக்க பொத்தானை அழுத்தினேன், ஒரு சின்ன ஜன்னல் திறந்தது, ஏற்கெனவே உள்ளே நுழைந்திருந்த கணக்கைக் காட்டி உறுதி செய்யச் சொன்னது, செய்தேன். அந்த பிரவுசரில் உள்ளே இருந்தது என் பழைய ஸ்டீம் கணக்கு. நான்கு வருடமாக நான் திறக்காத கணக்கு. தம்பிக்கு வாங்கிய கேம் அதில் போய்ச் சேர்ந்தது. ஒரு கணக்கில் ஏறிய கேமை இன்னொரு கணக்குக்கு மாற்ற முடியாது. கோடாக வந்து ஏற்றியதற்கு ஸ்டீமில் பணம் திரும்பப் பெறுவதும் கிடையாது. உதவி மையத்துக்கு எழுதினேன், முடியாது என்றே பதில்.

ஒரே வீட்டில் இருப்பதால் ஸ்டீம் ஃபேமிலீஸ் வசதி கைகொடுத்தது. ஒரே வீட்டைச் சேர்ந்த ஆறு பேர் வரை ஒரு குடும்பமாகச் சேர்ந்து, ஒருவரிடம் உள்ள கேமை மற்றவர் விளையாடலாம். ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் விளையாட முடியும். கேம் வெளியிட்டவர் அனுமதிக்காவிட்டால் சில கேம்கள் பகிர்வில் வராது. குடும்பத்தை விட்டு விலகினால், அதில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் ஆன பிறகுதான் வேறு குடும்பத்தில் சேர முடியும். எங்கள் கேம் பகிர்வில் வந்தது, தம்பி விளையாடுகிறான். ஆனால் அது அவனுடைய கேம் என்று அவன் கணக்கில் இல்லை. அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் இன்னும் மனசு கேட்கவில்லை.

இதைத் தவிர்க்க ஒரு வழி. இணைக்க ஆரம்பிப்பதற்கு முன் பிரவுசரில் ஸ்டீம், எபிக், யூபிசாஃப்ட், பேட்டில்நெட் என்று எல்லா கேம் கடைகளிலிருந்தும் வெளியேறுங்கள். பிறகு யாருக்கு கேம் சேர வேண்டுமோ அவரையே உட்கார வைத்து, அவருடைய பெயரையும் கடவுச்சொல்லையும் அவரே அடிக்கட்டும். உறுதி செய்யும் ஜன்னலில் தெரியும் பெயரை இரண்டு முறை படியுங்கள்.

கேம் எந்தக் கடையில் வருகிறது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. என்விடியா 2023-ல் ஆலன் வேக் 2 கொடுத்தபோது அந்த கேம் கணினிக்கு எபிக்கில் மட்டுமே இருந்தது. ஸ்டீமில் வேண்டும் என்று கேட்டுப் பயனில்லை. கணக்கு இல்லாவிட்டால் முன்கூட்டியே இலவசமாகத் தொடங்கி, நாட்டை இந்தியா என்று வைத்து, மின்னஞ்சலை உறுதி செய்துவிடுங்கள்.

7. கூப்பனைப் பதிவது

என்விடியா: என்விடியா ஆப்பை இறக்கிப் போட்டு, என்விடியா கணக்கில் நுழையுங்கள். இடப்பக்கத்தில் ரிடீம் என்று ஒரு பகுதி இருக்கும். கூப்பனை அதில் ஒட்டினால் கார்டைச் சோதித்து, அடுத்து கேம் கணக்கை இணைக்கச் சொல்லும். யூடியூபில் உள்ள பழைய வீடியோக்கள் பல ஜீஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் என்ற மென்பொருளைக் காட்டும். அதன் இடத்தில் இப்போது இருப்பது என்விடியா ஆப். திரை வேறு மாதிரி இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

ஏ.எம்.டி.: ஏ.எம்.டி. ரிவார்ட்ஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி, கூப்பனை அடியுங்கள். பொருளைச் சரிபார்க்க ஒரு சிறிய மென்பொருளை இறக்கி இயக்கச் சொல்லும். அது கணினியில் உள்ள கார்டையோ ப்ராசஸரையோ பார்த்துத் தகுதியைச் சொல்லும். இந்த மென்பொருளை அந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், வேறு யார் இணைப்பு அனுப்பினாலும் தொடாதீர்கள்.

இன்டெல்: கூப்பனை இங்கே மாஸ்டர் கீ என்பார்கள். இன்டெல்லின் சலுகைத் தளத்தில் அதைப் பதிந்து, கணினியைச் சோதிக்க அனுமதித்தால் கேம் வரும். சில சலுகைகளில் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். தேர்ந்தெடுத்தால் தேர்ந்தெடுத்ததுதான், அவசரப்படாதீர்கள்.

மூன்றிலுமே கூப்பனைக் கையால் அடிக்காமல் நகலெடுத்து ஒட்டுங்கள். அச்சிட்ட சீட்டாக வந்தால் பூஜ்யத்தையும் ஓ எழுத்தையும் கவனியுங்கள். ஒட்டும்போது முன்னும் பின்னும் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்தாலும் மறுக்கப்படும்.

8. கேம் கோடாக வந்தால்

ஸ்டீம் மென்பொருளில் இடக் கீழ்மூலையில் கேம் சேர்ப்பதற்கான பொத்தான் இருக்கிறது. அதில் ஸ்டீமில் ஒரு பொருளைச் செயல்படுத்து என்பதைத் தேர்ந்தெடுத்து கோடை ஒட்டுங்கள். எபிக்கில் வலப்பக்கம் மேலே உங்கள் பெயருக்கான ஐகானை அழுத்தினால் கோடு ரிடீம் செய்யும் இடம் வரும்.

லேப்டாப் வாங்குகிறவர்களுக்குச் சில சமயம் கேமுக்குப் பதிலாக பி.சி. கேம் பாஸ் என்ற மைக்ரோசாஃப்டின் கேம் சந்தாவை ஒன்றோ மூன்றோ மாதத்துக்குத் தருவார்கள். அதை மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஏற்றும்போது வங்கி அட்டை விவரம் கேட்டால், ஏற்றி முடித்த கையோடு சந்தா பகுதிக்குப் போய்த் தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலம் முடிந்ததும் அட்டையிலிருந்து பணம் போகும்.

9. இறக்குவதற்கு இடமும் டேட்டாவும்

கேம் இலவசம், இறக்குவது இலவசம் இல்லை. ஸ்டார்ஃபீல்டு 125 ஜிபி இடம் கேட்கிறது, அதுவும் எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகத்தில். 500 ஜிபி எஸ்.எஸ்.டி. போட்டிருப்பவர்களுக்கு அது கால்வாசி. 100 எம்.பி.பி.எஸ். ஃபைபர் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும், 40 எம்.பி.பி.எஸ். என்றால் ஏழு மணி நேரம். தினம் 2 ஜிபி தரும் மொபைல் டேட்டாவில் இது இரண்டு மாதத்து வேலை. வீட்டில் ஃபைபர் இல்லாதவர்கள், உறவினர் வீட்டில் ஒரு ராத்திரி கணினியைப் போட்டு இறக்கிக்கொள்வது நல்லது. பதிவதைத் தள்ளிப்போட வேண்டாம். பதிந்துவிட்டால் கேம் கணக்கில் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம்.

10. மறுக்கப்பட்டால்

ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட கூப்பன் என்று வந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். கார்டு தெரியவில்லை என்று வந்தால் டிரைவரை மறுபடி போட்டு முயலுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் சிப் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். கூப்பன், பில்லின் படம், சீரியல் நம்பர் ஸ்டிக்கர் படம், பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் ஆகிய நான்கையும் முதல் மின்னஞ்சலிலேயே இணையுங்கள். நான் ஒவ்வொன்றாக அனுப்பினேன், ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நாள் போனது.

பதிவதற்கான கடைசித் தேதிக்கு இரண்டு வாரமாவது முன்னால் இதையெல்லாம் ஆரம்பியுங்கள். தேதி தாண்டிய கூப்பனுக்கு உயிர் கொடுக்கச் சொல்லிக் கேட்டால் யாரும் செய்வதில்லை.

கூப்பனைப் பதிந்து தருகிறேன், 200 ரூபாய் கொடுங்கள் என்று டெலிகிராமில் வருகிறவர்களிடம் போகாதீர்கள். இந்த வேலை எதற்கும் கட்டணம் கிடையாது. தனியாக விற்கும் கூப்பனை வாங்கவும் வேண்டாம். விதிமுறையிலேயே அதற்குத் தடை உண்டு, உங்கள் கணினியில் அந்தக் கார்டு இல்லாவிட்டால் சோதனையிலும் தேறாது. புதுக் கார்டு வாங்கிய சந்தோஷத்தில் பெட்டி, பில், கூப்பன் எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடும்போது கூப்பன் எண் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேம் ஓட ஆரம்பித்த பிறகும் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். வெப்பத்தில் அச்சாகும் வழவழப்பான தாளாக இருந்தால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும், ஒரு நகல் எடுத்துப் பெட்டிக்குள் வையுங்கள். வாரண்டிக்குப் போகும்போது கேட்கப்போவதும் அதே பில்தான்.